கொழும்பிலிருந்து பனிமலைக்கு: குளிர்காலச் சாகசப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்ததும் இந்தக் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துக் குடும்பங்கள், அலுவலகத்து நண்பர் கூட்டங்கள், ஒருதரமாவது பனியில் கால் வைக்க வேண்டும் என்று காசு சேர்க்கும் இளசுகள் எல்லாரும் கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் தட்டிக் கை அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஜன்னலோரம் இருந்து பனியைப் பார்த்துத் தேநீர் குடிக்கப் போகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பை அசைக்க வேண்டும், நாலுதரம் விழுந்தெழும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் வாசியுங்கள்.

எந்த நாட்டுக்குப் போவது நல்லது?

எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், ஆனால் நாட்டைக் கடைசியில் முடிவு செய்தாலும் ஒன்றும் குறையாது. யார் யார் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை அவரவர் வெளியே என்ன செய்வார் என்று பெயருக்கு எதிரே எழுதுங்கள். யாராவது ஒருவரின் பெயருக்கு எதிரே "சும்மா இருப்பார்" என்று வந்தால், அவர் பூச்சியத்துக்குக் கீழே போன குளிரில் ஆறு மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அம்மா, அப்பா, சின்னப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போவதென்றால் கேபிள் கார், சறுக்குவண்டி, ஸ்கீ (காலில் மாட்டிப் பனியில் சறுக்கும் நீளப் பலகைகள்) பழகும் சரிவு, சூடாகச் சாப்பிட ஒரு கடை எல்லாம் நடை தூரத்தில் இருக்கும் ஊர் வேண்டும். காஷ்மீரின் குல்மார்க்கும் சுவிஸின் கிரிண்டல்வால்டும் அப்படிப்பட்டவை. நாலைந்து பேர், எல்லாருக்கும் நல்ல கால், கூடாரத்தில் படுக்கவும் தயார் என்றால் கதை வேறு, அதற்குக் கீழே மலையேற்றக் கேள்விக்குப் போங்கள்.

பனியே பார்த்ததில்லை. நேரே ஸ்கீயிங் பழகலாமா?

தாராளமாக. ஆனால் முதல் நாளைச் சறுக்குவண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். பனி எப்படி வழுக்கும், விழுந்தால் எவ்வளவு நோகும், கையுறைக்குள் ஈரம் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த நாள் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். "மச்சான் கனடாவில் ஸ்கீ அடித்தவன், அவன் பழக்குவான்" என்பதுதான் நான் கேட்டதிலேயே மோசமான திட்டம். மச்சான் உங்களை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் "வா, ஈஸிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். ஆசிரியர் முதலில் சமதரையில் நடக்க வைப்பார், பிறகு விழுந்தெழும்பப் பழக்குவார். எழும்புவதே ஒரு வித்தை. இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்காக, உங்கள் உடம்புக்குப் பள்ளப் பக்கமாகக் கொண்டுவந்து வைத்து, மேட்டுப் பக்கக் கையை ஊன்றி எழும்ப வேண்டும். ஸ்கீயின் மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கும்போது எழும்பப் பார்த்தால், பாதி எழும்பும்போதே அது உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகுதான் சறுக்கிக்கொண்டே வேகம் குறைத்து நிற்பது: முன்முனைகள் இரண்டும் கிட்ட வர, பின்முனைகள் அகல விரிய, உள்விளிம்பில் பாரம் கொடுத்தால் வேகம் குறையும். இது கைவராமல் லிப்டில் ஏறி மேலே போகாதீர்கள்.

ஐரோப்பாவில் சரிவுகளுக்கு நிறம் இருக்கிறது. நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம், சில நாடுகளில் நீலத்துக்கும் கீழே பச்சை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். முதல் பயணத்தில் நீலத்தைத் தாண்டாவிட்டால் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

மூன்று நாலு நாள்தான் இருக்கிறதென்றால் ஸ்கீ. இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டும் ஸ்னோபோர்டில் தொடக்க நாட்கள் முழுக்க மணிக்கட்டிலும் பின்பக்கத்திலும் விழுவதுதான் வேலை, அது பிடிபடுவதற்குள் வீட்டுக்கு வர நேரமாகிவிடும். எதைத் தெரிவு செய்தாலும் தலைக்கவசம் கட்டாயம், போர்டு என்றால் மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள்.

குல்மார்க் எப்படி? எப்போது போவது?

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய மலையில், பெரிய பனியில் ஆடக்கூடிய கிட்டடி இடம் என்றால் அதுதான் என் தெரிவு. டில்லி வழியாக ஸ்ரீநகர், அங்கிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தரைவழி. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய இ-விசா கிடைக்கிறது, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு ஓடும் ஓட்டம் இதற்கு இல்லை.

ஊரின் உயரம் சுமார் 2,650 மீற்றர். நம் நாட்டின் ஆக உயரமான பிதுருதலாகல 2,524 மீற்றர்தான், ஆக நீங்கள் ஹொட்டேலில் பெட்டியை வைக்கும்போதே இலங்கையில் எவரும் நிற்க முடியாத உயரத்தில் நிற்கிறீர்கள். அங்கிருந்து கொண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது, முதல் கட்டம் கொங்டூரி, இரண்டாவது அப்பர்வட் மலைத் தோள்வரை, அது 3,900 மீற்றருக்கும் மேலே. பழகுகிறவர்களுக்கு ஊர் நடுவிலுள்ள சின்னச் சரிவுகளே போதும். இரண்டாம் கட்டத்துக்கு மேலே கிடக்கும் பனிக்குத்தான் உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள், அது ஒழுங்குபடுத்தாத காட்டுப் பனி, பனிச்சரிவு நடக்கும் இடம். 2023 பெப்ரவரியில் போலந்துக்காரர் இருவர் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். வழிகாட்டி இல்லாமல், பனிக்குள் புதைந்தவரைத் தேடும் கருவியும் அதைப் பாவிக்கும் பயிற்சியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது, இதில் பேச்சே இல்லை.

காலம்: காஷ்மீரிகள் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளை சில்லை கலான் என்கிறார்கள், குளிரின் உச்சம் அது. நத்தார் லீவில் போனால் கடுங்குளிர் இருக்கும், பனி போதுமான அளவு விழுந்திருக்குமோ என்பது அந்த ஆண்டின் அதிர்ஷ்டம். 2024 ஜனவரி நடுப்பகுதியில்கூட குல்மார்க் புல்லும் மண்ணுமாகத்தான் கிடந்தது, பனி மாதக் கடைசியில்தான் வந்தது. அதனால் லீவு உங்கள் கையில் இருந்தால் ஜனவரி கடைசி முதல் பெப்ரவரி முடியும்வரை. தைப்பொங்கலை வீட்டில் முடித்துவிட்டு வெளிக்கிட்டால் கணக்குச் சரியாக வரும்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம், ஆனால் ஆட்களை அழ வைக்கும் விஷயம். டிசம்பர், ஜனவரியில் டில்லியில் மூடுபனி. விமானம் பல மணிநேரம் பிந்துவது சாதாரணம். ஒரு மணித்தியால இடைவெளியில் அடுத்த விமானத்தைப் போடாதீர்கள், போகும்போதும் வரும்போதும் டில்லியில் ஓரிரவு தங்குங்கள். அடுத்தது, டில்லியிலோ சென்னையிலோ வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. அங்கே போய்த்தான் புதிதாக எடுக்க வேண்டும்.

காஷ்மீர் பாதுகாப்பா?

நேராகவே சொல்கிறேன், ஆபத்து பூச்சியம் என்று எவரும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் 22ஆம் திகதி பஹல்காமில் சுற்றுலா வந்தவர்கள்மீது நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடினார்கள். போவதற்கு முன்னர் நிலைமை என்ன, உங்கள் காப்புறுதி அந்தப் பகுதியை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள் என்றால் வாதாட வேண்டாம், ஹிமாசலத்துக்குப் போங்கள்.

மணாலி? அவுலி?

ஹிமாசலத்து மணாலி ஊரே சுமார் 2,000 மீற்றரில்தான் இருக்கிறது, ஊருக்குள் எப்போதும் பனி இருக்குமென்று நினைத்துப் போகாதீர்கள். ஆட்டமெல்லாம் சோலாங் பள்ளத்தாக்கில். 2020இல் திறந்த அடல் சுரங்கம் 9 கிலோமீற்றர் நீளம், அதற்குள்ளால் மறுபக்கம் போனால் சிஸ்ஸு பக்கம் இன்னும் பனி கிடைக்கும், மழையும் பனியும் கடுமையென்றால் அதையும் மூடிவிடுவார்கள். ரோத்தாங் கணவாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்று குளிர்காலத்தில் யாராவது விற்றால் அந்த ஏஜெண்டை விட்டுவிடுங்கள், அந்த வீதி அப்போது பனியால் மூடிக் கிடக்கும். உத்தரகாண்டின் அவுலி அழகான சரிவு. ஆனால் பனி ஒவ்வோராண்டும் நம்பும்படி விழுவதில்லை, 2023 தொடக்கத்தில் கீழேயுள்ள ஜோஷிமட் நகரின் நிலம் தாழத் தொடங்கியதில் ரோப்வேயும் நின்றுபோனது. முதல் பயணத்துக்கு நான் அவுலியைச் சொல்வதில்லை.

ஸ்கீ வேண்டாம், பனியில் மலையேற வேண்டும்.

அப்படியென்றால் உத்தரகாண்டின் கேதார்காந்தா. உச்சி சுமார் 3,800 மீற்றர், டெஹ்ராடூனிலிருந்து சாங்க்ரி கிராமத்துக்கு ஒரு முழு நாள் வளைவுப் பாதை, அங்கிருந்து நடை. இரவில் கூடாரம், உச்சி ஏறும் நாளில் விடியுமுன்னே தலைவிளக்குக் கட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல், முழங்கால்வரை பனி புகாமல் கட்டும் உறை இரண்டையும் நடத்துகிறவர் தருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். நத்தார் வாரத்தில் கூட்டம் தாங்காது, கூடாரம் கூடாரமாக நிற்கும். தனிமை தேடிப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, உறைந்த ஆற்றின் மேல் நடக்கும் லடாக்கின் சாதர் நடைக்கும் ஆசைப்படுகிறார்கள். ஜன்ஸ்கார் ஆறு உறைந்திருக்கும் ஜனவரி, பெப்ரவரியில் மட்டும் நடப்பது அது. இரவில் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக்கும் மேல் இறங்கும், ஐஸ் உடைந்திருந்தால் பாறையில் ஏறிச் சுற்ற வேண்டும். குளிர் என்றால் நுவரெலியா என்று வளர்ந்த உடம்புக்கு முதல் பனிப் பயணமாக இது வேண்டவே வேண்டாம். பனி ஊர்களுக்கு இரண்டு மூன்றுதரம் போய்வந்த பிறகு பார்க்கலாம்.

உயரத்தால் வருத்தம் வரும் என்கிறார்களே?

2,500 மீற்றருக்கு மேலே யாருக்கும் வரலாம். ஜிம்முக்குப் போகிற இருபத்தைந்து வயதுக்காரருக்கும் வரும், ஐம்பத்தைந்து வயது மாமாவுக்கு ஒன்றுமே ஆகாமலும் போகும். தலையிடி, குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்ற உணர்வு, இரவில் நித்திரை வராமை. இவை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே நில்லுங்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். தள்ளாடி நடந்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குழம்பிக் கதைத்தாலோ அது வேறு நிலை, அந்த நிமிடமே இறக்க வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

3,000 மீற்றருக்கு மேலே போனதும், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது மலைமருத்துவர்கள் சொல்லும் கணக்கு. லடாக்கின் லே நகருக்கு விமானத்தில் போனால் ஒரே மூச்சில் 3,500 மீற்றரில் இறங்குகிறீர்கள், முதல் இரண்டு நாளாவது படுத்திருப்பதுதான் வேலை. உயர வருத்தத்தைத் தடுக்கும் டயமொக்ஸ் குளிசையை நண்பரிடம் வாங்கிப் போடாமல் வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

சூரிச்சில் சித்தப்பா, ஒஸ்லோவில் பெரியம்மா, ரொறன்ரோவில் மச்சாள். அவர்களிடம் போய் ஏதாவது செய்யலாமா?

இதைத்தான் நான் அதிகம் தள்ளிவிடுகிறேன். தங்க இடமும் சோறும் கிடைத்தால் செலவின் பெரும்பகுதி போயே போச்சு, அவர்களிடம் குளிர் உடுப்பும் இருக்கும். ஒரே சிக்கல், பாசம். ஆறு வீட்டு விருந்தும் இரண்டு கோயிலும் முடிவதற்குள் விடுமுறை தீர்ந்துவிடும். டிக்கெட் போடும்போதே "இந்த நாலு நாள் மலைக்கு" என்று சித்தியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒஸ்லோ என்றால் மெட்ரோவே போதும். முதலாம் இலக்கப் பாதையில் கடைசித் தரிப்பான ஃப்ரோக்னர்செத்தரனுக்குப் போய், ஒரு சறுக்குவண்டியை வாடகைக்கு எடுத்து, கோர்க்கெத்ரெக்கரன் என்ற வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் சுமார் இரண்டு கிலோமீற்றர் சறுக்கி, கீழே மிட்ஸ்துவன் நிலையத்தில் திரும்ப மெட்ரோ ஏறி மேலே போகலாம். மடியில் வண்டியை வைத்துக்கொண்டு ரெயினில் இருக்கும் கூட்டத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. டிசம்பரில் பகல் வெளிச்சம் ஆறு மணித்தியாலம் அளவுதான், காலையிலேயே போங்கள். பெரியம்மா வடதுருவ ஒளி பார்க்க துரொம்சோ வரை அனுப்பத் தயாரென்றால், அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் உதிக்கவே உதிக்காது. சிலருக்கு அது சொர்க்கம், சிலருக்கு மூன்றாம் நாளே மனம் சோர்ந்துவிடும்.

சுவிஸில் ஸ்கீ செலவு கையைக் கடிக்கும், ஆனால் சறுக்குவண்டிப் பாதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கிரிண்டல்வால்டுக்கு மேலே ஃபவுல்ஹோர்னிலிருந்து இறங்கும் பாதை 15 கிலோமீற்றர், ஐரோப்பாவிலேயே ஆக நீளமானது. கேபிள் காரில் ஃபர்ஸ்ட் வரை போய், அதற்குமேல் வண்டியை இழுத்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் ஏற வேண்டும், என்னைக் கேட்டால் அந்த ஏற்றம்தான் அந்த நாளின் சிறப்பு என்பேன். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணத்தில் கொலிங்வுட் அருகே புளூ மவுண்டன் இருக்கிறது. உயரம் பெரிதில்லை, பழகுகிறவருக்கு அதுவே நல்லது.

விசா: சுவிஸ், நோர்வே இரண்டும் ஷெங்கன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். டிசம்பருக்குப் போக நவம்பரில் நேர ஒதுக்கீடு தேடினால் கிடைக்காது, ஓகஸ்டிலேயே தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் லீவுதான் தோது. அப்போது எங்கே பனி?

நியூசிலாந்து. குவீன்ஸ்டவுன் பக்கத்து மலைகளில் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் கடைசி அளவுவரை ஸ்கீ காலம். தூரம் அதிகம், டிக்கெட்டும் அதிகம். ஒஸ்ரேலியாவில் உறவினர் இருந்தால் அங்கேயுள்ள மலைகளையும் யோசிக்கலாம்.

உடுப்பு எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

ஜக்கெட்டுக்காக வெளிநாடு போகும்வரை காத்திருக்க வேண்டாம். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் குளிர்நாடுகளுக்குத் தைத்து மிஞ்சியவை கொழும்பில் கடை கடையாகத் தொங்குகின்றன. வாங்கும்போது தையல்களின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தையல்மேல் நாடா ஒட்டியிருந்தால்தான் ஈரம் தாங்கும். கனமான ஒன்றைவிட மூன்று அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியே விடும் ஒன்று, நடுவில் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற சூட்டுத் துணி, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. பருத்தி வேண்டாம், டெனிம் வேண்டவே வேண்டாம், நனைந்தால் அது காயாது, உங்களைத்தான் உறைய வைக்கும்.

கையுறையில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நூல் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்து ஐஸ்கட்டி ஆகிவிடும்.

ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். சப்பாத்தைக் கொடுக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. ஒரே ஒரு சோடி மேசு (காலுறை) போடுங்கள், இரண்டு சோடி போட்டால் இரத்த ஓட்டம் நின்று இன்னும் குளிரும். உள்ளே காலை விட்டு நேராக நின்றால் பெருவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் விரல் விலக வேண்டும், குதிக்கால் மேலே எழும்பக் கூடாது. மேசுக்குள் காற்சட்டை நுனி மாட்டிக்கொண்டால் மத்தியானத்துக்குள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் புண். இறுக்கமாகத்தான் இருக்கும், அது சரி. ஆனால் ஓரிடத்தில் குத்தினால் உடனே மாற்றிக் கேளுங்கள்.

கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்கக் கூடாது. "குளிரில் என்ன வெயில்" என்று கேட்பவர்களுக்கு: புதுப்பனி, புற ஊதாக் கதிரில் 80 வீதம்வரை திருப்பியடிக்கும். சன்ஸ்கிரீன் பூசாதவர்கள் தாடைக்குக் கீழேயும் மூக்குத் துவாரத்திலும் கருகி வருவார்கள்.

அம்மாவுக்கு சீனி வருத்தம், தங்கைக்கு ஆஸ்துமா. கூட்டிப்போகலாமா?

வைத்தியர் சம்மதித்தால் போகலாம். இன்சுலின் உறைந்தால் பிறகு உருகினாலும் பாவிக்கக் கூடாது, அதனால் முதுகுப்பையில் வைக்காமல் உடுப்புக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள். விமானத்திலும் கையில்தான், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். சீனி பார்க்கும் மெஷினும் கடுங்குளிரில் வேலை செய்ய மறுக்கும், அதையும் உள்ளே வைத்துச் சூடாக்குங்கள். ஆஸ்துமாக்காரர் வாயையும் மூக்கையும் துணியால் மூடி மூச்சுவிட வேண்டும், பம்ப் உள்பையில் இருக்க வேண்டும்.

சாதாரணப் பயணக் காப்புறுதி போதுமா?

பெரும்பாலும் போதாது. பத்திரத்தில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீற்றர் உயரம்வரை, ஹெலிகொப்டர் மீட்பு உண்டா, ஒழுங்குபடுத்திய சரிவுக்கு வெளியே போனால் என்ன என்று நாலு கேள்வியையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் "ஓம், எல்லாம் இருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

உடம்பை எப்படித் தயார்படுத்துவது?

காலிமுகத் திடலில் நடப்பது மனத்துக்கு நல்லது, ஸ்கீக்கு உதவாது. தொடைக்கும் முழங்காலுக்கும் வேலை வேண்டும். இரண்டு மாதம் முன்பிருந்தே மாடிக்குடியிருப்பில் லிப்டை விட்டுப் படியில் ஏறுங்கள், முக்கியமாக மெதுவாக இறங்குங்கள்; சறுக்கும்போது தொடை செய்வது இறங்கும் வேலைதான்.

அவ்வளவு காசில்லை. இலங்கையிலேயே ஏதாவது?

ஏன் இல்லை. பனி மட்டும் கிடையாது. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமிவரை சிவனொளிபாத மலைக் காலம், 2,243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி, உச்சியில் விடியற்காலைக் குளிர் எலும்பில் தைக்கும். வார நாளில் போங்கள், போயா நாளில் படியில் நிற்கவே இடமிருக்காது. ஹோட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வாசல் திறந்ததும் நுழைந்து சுமார் 9 கிலோமீற்றர் வட்டத்தை நடந்தால், உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ள விளிம்பை மூடுபனி மூடுமுன் பார்க்கலாம். நாலைந்து நாள் நடக்க ஆசையென்றால் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தோட்டங்களுக்குள்ளால் ஓடும் பெக்கோ பாதை, 22 பகுதிகள், 300 கிலோமீற்றர் அளவு, உங்களுக்குத் தோதான பகுதியை மட்டும் பிரித்தெடுக்கலாம். தண்ணீர் பிடித்தவர்களுக்குக் களனி கங்கையில் கித்துல்கல படகோட்டம். கடலில் அலைச்சறுக்கு என்றால் இந்த மாதங்களில் ஹிக்கடுவை, வெலிகம பக்கம்தான் அலை, அருகம்பேயை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு வெளிக்கிடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை எப்படிச் சிதைத்தது என்று எல்லாருக்கும் தெரியும், அந்தப் பக்கத்து வீதி, ரெயில் பாதை, நடைபாதை எதையும் பழைய வரைபடத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். தங்கப்போகும் வீட்டுக்காரருக்கே ஒரு அழைப்பு எடுத்தால், எந்த வழியால் வர வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.